மனிதரைக் கணிக்கும் கோப்பு

ஆயுள் என்றால் எத்தனை ஆண்டு?

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் வழியில் ஓமந்தூர் வரும். அந்தப் பக்கம் என்றில்லை, பயிர் வைத்துப் பிழைக்கும் எந்த ஊரிலும் வரப்புத் தகராறோ கிணற்றுப் பங்கோ வெட்டுக்குத்தில் முடிந்த பழைய கதை ஒன்று இருக்கும். வெட்டியவனுக்கு ஆயுள் தண்டனை. ஊர் மெல்ல மறந்துவிடுகிறது. ஒருநாள் காலை அவன் நரைத்த தலையோடு டீக்கடையில் வந்து நிற்கிறான்.

"ஆயுள்னாங்க, பதினஞ்சு வருஷத்துல வந்துட்டானே? எதை நம்பி விட்டாங்க?" என்று ஒருவர் கேட்பார். அடுத்த பெஞ்சிலிருந்து இன்னொருவர், "அவனோட உள்ள போனவன் இருபது வருஷமா வரலையே, அது என்ன கணக்கு?" என்பார்.

இரண்டுமே சரியான கேள்விகள். இரண்டுக்கும் சேர்த்துப் பதில் தேடுவோம்.

முதலில் சட்டம், சுருக்கமாக. ஆயுள் தண்டனை என்றால் 14 ஆண்டு என்பது ஊர்ப்பேச்சு. ஆயுள் என்றால் உயிர் உள்ளவரை என்று கோபால் கோட்சே வழக்கில் 1961-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 14 என்ற எண் 1978-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்த்த 433ஏ பிரிவிலிருந்து வருகிறது. மரண தண்டனையும் விதிக்கத்தக்க குற்றத்துக்கு ஆயுள் பெற்றவரை, 14 ஆண்டு முழுதாக உள்ளே கழிக்காமல் அரசு தண்டனையைக் குறைத்து விடக்கூடாது என்கிறது அது. அதாவது 14 ஆண்டில் கதவு திறக்காது. கதவைத் தட்டும் உரிமை அப்போதுதான் வருகிறது. 2024 ஜூலை முதல் வந்த புதிய சட்டத்திலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. ஆளுநருக்கு அரசியலமைப்பின் 161-ஆம் பிரிவு தரும் அதிகாரத்தை மட்டும் இந்த 14 கட்டுப்படுத்தாது. ஆனால் அதையும் அவர் அமைச்சரவையின் அறிவுரைப்படியே பயன்படுத்த வேண்டும் என்று 1980-இல் மாரு ராம் வழக்கில் தீர்ப்பானது.

வெளிநாட்டுப் படங்களில் 'பரோல் போர்டு' என்று வருவது செய்யும் வேலையை இங்கே முன்விடுதலை என்போம். நம்மூரில் பரோல் என்று சொல்வது விடுப்பு. போய்விட்டுத் திரும்பி வரவேண்டும். அதற்குக் கடைசியில் வருவோம்.

கோப்பு நடக்கும் வழி

விழுப்புரம் மாவட்டத்து ஆயுள் கைதி பெரும்பாலும் கடலூர் கேப்பர் மலை மத்திய சிறையில் இருப்பார். அவருடைய முன்விடுதலைக் கோப்பு அங்கே பிறக்கிறது. சிறைக் கண்காணிப்பாளர் அவருடைய நடத்தையை எழுதுகிறார்: அடிதடி உண்டா, சிறைக்குள் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானாரா, என்ன வேலை பார்த்தார், என்ன படித்தார். நன்னடத்தை அலுவலர் ஊருக்கே போகிறார். வீட்டார் ஏற்பார்களா, வேலை இருக்கிறதா, செத்தவரின் குடும்பம் என்ன சொல்கிறது என்று விசாரிக்கிறார். உள்ளூர்க் காவல் நிலையம் தனியாக ஒரு கருத்தைத் தருகிறது. எல்லாம் சேர்ந்து ஆலோசனைக் குழுவின் மேசைக்கு வருகின்றன. குழு பரிந்துரைக்கலாம், முடிவு அரசுடையது.

குழு எதைப் பார்க்க வேண்டும்? மேற்கு வங்கத்தைச் சேர்ந்த லக்ஷ்மண் நஸ்கர் வழக்கில் 2000-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் சுட்டிய ஐந்து கேள்விகள்தான் இன்றும் எங்கும் மேற்கோளாகின்றன. குற்றம் சமூகத்தைப் பாதிக்காத தனிப்பட்ட செயலா? திரும்பச் செய்யும் வாய்ப்பு உண்டா? குற்றம் செய்யும் திறன் போய்விட்டதா? இனியும் அடைத்து வைப்பதால் பயன் உண்டா? குடும்பத்தின் நிலை என்ன?

மேலோட்டமாகப் படித்தால் ஐந்தும் ஒரே திசையில் போவதுபோலத் தெரியும். கொஞ்சம் நின்று பாருங்கள். முதல் கேள்வி நடந்ததைப் பற்றியது. இரண்டாவதும் மூன்றாவதும் நடக்கப்போவதைப் பற்றியவை. நான்காவது நம்மைப் பற்றியது, நாம் எதற்காகத் தண்டிக்கிறோம் என்பது. இவற்றில் அறிவியல் கைகொடுக்கக்கூடியது நடுவில் உள்ள இரண்டுக்கும்தான். "இவர் மறுபடி செய்வாரா?" என்பதைக் கணிக்கலாம். "இவர் பட்டது போதுமா?" என்பதைக் கணிக்க முடியாது, தீர்மானிக்கத்தான் முடியும். இந்த இரண்டும் ஒன்றோடொன்று குழம்பிப்போவதைக் காட்ட, தமிழ்நாடு அறிந்த ஒரு கோப்பையே எடுத்துக்கொள்வோம்.

வேலூர், 2010

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991 ஜூனில் கைதான நளினிக்கு 1999-இல் உச்ச நீதிமன்றம் மரண தண்டனையை உறுதி செய்தது. 2000-இல் ஆளுநர் அதை ஆயுளாகக் குறைத்தார். பிறகு அவர் முன்விடுதலை கேட்டார், அரசு மறுத்தது. ஆலோசனைக் குழுவை விதிப்படி அமைக்கவில்லை என்று கூறி அந்த மறுப்பை 2008-இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மறுபடி குழு அமைந்தது. மாவட்ட ஆட்சியர் தலைமையில் 2010 ஜனவரியில் வேலூரில் கூடி, விடுதலை வேண்டாம் என்றது. மார்ச் மாதம் அரசு அதை ஏற்றது.

குற்றத்தின் கொடுமையை விட்டுவிடுவோம். முன்னாள் பிரதமரோடு காவலர்களும் பொதுமக்களும் இறந்த குண்டுவெடிப்பு அது. குழு சொன்ன காரணங்கள் செய்தித்தாள்களில் வந்தன. அவர் தவறை உணர்ந்து வருந்தியதாகத் தெரியவில்லை என்பது ஒன்று. சிறையில் கணினிப் பயன்பாட்டில் மேற்படிப்பு முடித்திருப்பது விடுதலைக்குக் காரணமாகாது, 18 ஆண்டு கழித்துவிட்டார் என்பதும் ஆகாது என்பது இன்னொன்று. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. வெளியே வந்தால் அவர் தங்கப்போவதாகச் சொன்ன இடம் ராயப்பேட்டை. அந்த வட்டாரத்தில் முக்கியப் பிரமுகர்கள் வசிக்கிறார்கள், அமெரிக்கத் துணைத் தூதரகம் இருக்கிறது, எனவே சட்டம் ஒழுங்குப் பிரச்சினை வரலாம் என்று காவல் ஆய்வாளர் எழுதியிருந்தார்.

இந்த மூன்றையும் நம் சல்லடையில் போட்டுப் பார்ப்போம். தூதரகம் ராயப்பேட்டைப் பக்கம் இருப்பது கைதியைப் பற்றிய தகவலே அல்ல. வேறு ஊரில் தங்கச் சொன்னால் தீர்ந்துபோகிற விஷயம். வருத்தம்? கேட்டவுடன் அழுகிறவரையும் இறுகிய முகத்தோடு உட்கார்ந்திருப்பவரையும் வைத்து எதிர்காலத்தைச் சொல்ல முடியுமா என்று ஆராய்ந்திருக்கிறார்கள். கனடாவின் ஹான்சனும் புசியேரும் 1998-இல் பாலியல் குற்றவாளிகளைப் பற்றிய பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, குற்றத்தை மறுப்பதற்கும் மீண்டும் குற்றம் செய்வதற்கும் தொடர்பு தென்படவில்லை. அது ஒரு வகைக் குற்றத்துக்கான விடைதான். ஆனால் வருத்தத்தை அபாயமானியாக வைத்துக்கொள்வதில் எவ்வளவு கவனம் வேண்டும் என்று காட்டுகிறது. படிப்போ நேர்மாறு. அதற்கு ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டும், முகத்தில் நடிக்க முடியாது. அதைக் குழு எண்ணிக்கையிலேயே சேர்க்கவில்லை.

12 ஆண்டு கழித்து, 2022 நவம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் நளினியையும் மற்ற ஐவரையும் விடுவித்தது. முக்கியக் காரணம் சட்டம் சார்ந்தது: 2018-லேயே மாநில அமைச்சரவை விடுதலைக்குப் பரிந்துரைத்திருந்தது, அதே வழக்கில் தண்டனை பெற்ற பேரறிவாளன் ஏற்கெனவே வெளியே வந்திருந்தார். ஆனால் அந்த உத்தரவில் நல்ல நடத்தையும் சிறைப்படிப்பும் இடம்பெற்றன. ஒரு மேசையில் செல்லாத அதே படிப்பு இன்னொரு மேசையில் செல்லுபடியானது. மாறியது அவருடைய அபாயம் அல்ல. 2010-இல் குழு உண்மையில் சொல்ல நினைத்தது "இந்தக் குற்றத்துக்கு இது போதாது" என்பதாக இருக்கலாம். அப்படி நினைக்க அதற்கு உரிமை உண்டு. அதை எழுதாமல், அபாயக் கணிப்பின் சட்டையை அதற்குப் போட்டுவிட்டதுதான் சிக்கல்.

இல்லினாயில் ஒரு பட்டியல்

சரி, அபாயத்தை மட்டும் தனியே எடுத்துக் கணித்தவர்கள் உண்டா? உண்டு. 1928-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் எர்னஸ்ட் பர்ஜெஸ் என்ற சமூகவியலாளர், மூன்று சிறைகளிலிருந்து நிபந்தனையோடு வெளியே போன 3,000 பேரின் கோப்புகளைப் பிரித்தார். வயது, முன்குற்றம், வேலைப் பழக்கம், சிறையில் நடத்தை என்று 21 தகவல்கள். ஒரு தகவலைக் கொண்டவர்கள் சராசரியைவிடக் குறைவாக நிபந்தனை மீறியிருந்தால் அதற்கு ஒரு புள்ளி. அவ்வளவுதான் கணக்கு; பள்ளிப்பிள்ளை கூட்டிவிடலாம்.

16 முதல் 21 புள்ளி வாங்கியவர்களில் 100-க்கு ஒன்றரைப் பேர் மீறினார்கள். 2 முதல் 4 புள்ளிக்காரர்களில் 100-க்கு 76 பேர். அனுபவம் மிக்க அதிகாரியின் உள்ளுணர்வுக்கு அதுவரை கிடைத்திராத துல்லியம் இது. 1954-இல் பால் மீல் என்ற உளவியலாளர் இதைப் போன்ற ஆய்வுகளை அடுக்கி, நிபுணரின் தீர்ப்பும் எளிய கூட்டலும் மோதினால் கூட்டல் பெரும்பாலும் தோற்பதில்லை என்று காட்டினார். நிபுணர்கள் அவரை இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை.

கூட்டல் பெரிய இயந்திரமாக வளர்ந்தபோது துல்லியமும் வளர்ந்ததா? அமெரிக்க நீதிமன்றங்களில் புழங்கும் காம்பாஸ் என்ற மென்பொருள் ஒருவரைப் பற்றி 137 விவரங்கள் வரை எடுத்துக்கொள்கிறது. 2018-இல் ட்ரெஸ்ஸலும் ஃபரீதும் அதை இரண்டே விவரங்களோடு மோதவிட்டார்கள்: வயது, முந்தைய தண்டனைகளின் எண்ணிக்கை. இரண்டு பக்கமும் 100-க்கு ஏறத்தாழ 65 சரி. 135 விவரங்கள் சும்மா உட்கார்ந்திருந்தன.

இல்லினாயின் ஜோலியட் சிறையில் செய்த பட்டியலைக் கொண்டுவந்து கேப்பர் மலையில் ஒட்டக்கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இங்கே கொலை நடக்கும் விதம் வேறு, ஊர் ஏற்றுக்கொள்ளும் விதம் வேறு. பட்டியலை அல்ல, பட்டியல் செய்யும் முறையைத்தான் கடன் வாங்கலாம்.

வயது செய்யும் வேலை

அந்த இரண்டு விவரங்களில் வயது ஏன் இவ்வளவு பேசுகிறது? ஹார்வர்டில் க்ளூக் தம்பதி, பாஸ்டன் பகுதியைச் சேர்ந்த 500 சீர்திருத்தப் பள்ளிச் சிறுவர்களைப் பின்தொடர்ந்தார்கள். அந்த ஆய்வின் கோப்புப் பெட்டிகளை ராபர்ட் சாம்ப்சனும் ஜான் லாபும் பிற்பாடு தூசி தட்டி எடுத்து, அதே ஆட்களின் குற்றப் பதிவை 70 வயது வரை தேடித் தொகுத்து 2003-இல் வெளியிட்டார்கள். முரடர், பரம முரடர், தற்செயலாக மாட்டியவர் என்று எப்படிப் பிரித்தாலும் கோடு இறங்கியது. சிலருக்கு முன்னதாக, சிலருக்குத் தாமதமாக. திருமணம், நிலையான வேலை, ராணுவ சேவை ஆகியவை இறக்கத்தை வேகப்படுத்தின.

நம் ஆயுள் கைதிக்கு இதைப் பொருத்துங்கள். 25 வயதில் வரப்புச் சண்டையில் வெட்டியவர் 14 ஆண்டு முடித்துக் குழுவின் முன் வரும்போது அவருக்கு 39. முன்குற்றம் இல்லாதவர், குற்றம் நடந்ததோ ஒரு குறிப்பிட்ட பகையில். எந்த அபாயப் பட்டியலிலும் இப்படிப்பட்டவர் அடிவரிசையில்தான் வருவார். ஊர் அதிகம் அஞ்சுவதோ 'கொலைகாரன்' என்ற பெயருக்கு. திரும்பத் திரும்ப உள்ளே வந்து போகும் இளம் திருடன்தான் புள்ளிக்கணக்கில் அபாயகரமானவன். அவனுக்குக் குழுவே கூடுவதில்லை, தண்டனை முடிந்ததும் வெளியே வந்துவிடுகிறான்.

விதிவிலக்குகள் உண்டு. கூலிக்குக் கொலை செய்தவர், கும்பலோடு தொடர்பு அறாதவர், பகை இன்னும் ஊரில் எரிந்துகொண்டிருப்பவர். நன்னடத்தை அலுவலரின் கிராமப் பயணம் மதிப்பு மிக்கதாவது இங்கேதான். செத்தவரின் மகன் வளர்ந்து நிற்கிறானா, நிலம் பிரித்தாகிவிட்டதா என்பதை எந்த மென்பொருளும் கேட்காது.

கண்ணில் படாத பிழை

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் என் கற்பனை, விளக்கத்துக்கு மட்டும். 1,000 ஆயுள் கைதிகள் குழுவின் முன் வருகிறார்கள். எல்லாரையும் விட்டால் 30 பேர் மறுபடி கடுங்குற்றம் செய்வார்கள் என்று வைத்துக்கொள்வோம். குழுவின் கணிப்பு 100-க்கு 80 சரி, தாராளமாகவே. அது 30-இல் 24 பேரைச் சரியாகப் பிடிக்கும். மீதி 970 நல்லவர்களில் 100-க்கு 20 வீதம் 194 பேரையும் தவறாக 'அபாயம்' என்று நிறுத்தும். மறுக்கப்பட்டவர்கள் மொத்தம் 218; அவர்களில் உண்மையான அபாயம் 24. ஒன்பது பேரை உள்ளே வைத்தால் ஒருவர்தான் அதற்கு உரியவர். அரிதாக நடப்பதைக் கணிக்க முயலும் யாருக்கும் இந்தக் கதி உண்டு, மருத்துவருக்கும்கூட.

இதில் விடுபட்டுப்போன 6 பேரில் ஒருவர் தவறு செய்தால் மறுநாள் செய்தியாகும், கையெழுத்திட்ட அதிகாரி பதில் சொல்வார். தவறாக நிறுத்திய 194 பேர்? அவர்கள் ஒன்றும் செய்திருக்க மாட்டார்கள் என்று நிரூபிக்க வழியில்லை, ஏனென்றால் அவர்களை விடவேயில்லை. சந்தையில் வாங்காமல் விட்ட மாட்டை யாரும் கறந்து பார்த்ததில்லை. ஒரு வகைப் பிழைக்கு மட்டும் அடி விழும் இடத்தில் யாரும் மற்ற வகைப் பிழையைத்தான் செய்வார்கள். இதற்குக் கோழைத்தனம் என்று பெயர் வைக்க நான் தயாரில்லை. நாற்காலியே அப்படிச் சாய்ந்திருக்கிறது.

எப்போதாவது தற்செயலாக அந்த மாட்டையும் கறந்து பார்க்கும் வாய்ப்பு வரும். 1966-இல் அமெரிக்காவில் ஜானி பாக்ஸ்ட்ரம் என்பவர் வழக்கில், நடைமுறைக் கோளாறு காரணமாக நியூயார்க்கின் குற்றவாளி மனநோயாளிகளுக்கான இரண்டு மருத்துவமனைகளிலிருந்து 967 பேரைச் சாதாரண மனநல மருத்துவமனைகளுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அத்தனை பேரும் அபாயகரமானவர்கள் என்று மருத்துவர்கள் எழுதி வைத்திருந்தவர்கள். ஊழியர்கள் அஞ்சினார்கள். பின்தொடர்ந்த ஆண்டுகளில் மிகச் சிலரையே பாதுகாப்பு மருத்துவமனைக்குத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. பலர் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட வாய்ப்பு அறிவியலுக்காக வரவில்லை, பிறந்தநாளுக்காக வந்தது. அண்ணா நூற்றாண்டையொட்டி 2008 செப்டம்பர் 15 அன்று 1,405 ஆயுள் கைதிகள் ஒரே வீச்சில் வெளியே வந்தார்கள். ஏழு ஆண்டு முடித்தவர்களுக்கும் அப்போது கதவு திறந்தது, 161-ஆம் பிரிவின் வழியாக. எம்.ஜி.ஆர். நூற்றாண்டின்போது 2018-இலும் இப்படி ஓர் அரசாணை வந்தது. ஆள் ஆளாக எடைபோடாமல் பொது அளவுகோல் வைத்து விட்டதை அப்போது பலர் கண்டித்தார்கள். கண்டனம் இருக்கட்டும், ஆராய்ச்சியாளர் கண்ணுக்கு அது புதையல். அந்த 1,405 பெயர்களையும் காவல் பதிவோடு ஒப்பிடுவது ஒரு மாவட்டக் கணினி அறையில் முடிகிற வேலை.

பிறப்பை வைத்துக் கணித்த சட்டம்

கணிப்பு எந்தத் தகவலை எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு எல்லை உண்டா? பர்ஜெஸின் 21-இல் 'தந்தையின் தேசியம்' என்பதும் ஒன்று. 'சமூக வகை' என்று இன்னொன்று: நாடோடி, உதவாக்கரை, குடிகாரர், பண்ணைப் பையன் என்று ஆட்களைப் பிரித்திருந்தார். பண்ணைப் பையன்கள் நல்ல புள்ளி வாங்கினார்கள்.

நமக்கு இது புதிதல்ல. 1871-இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் சில சமூகங்களில் பிறந்ததையே முன்கூட்டிய குற்றமாகக் கொண்டது. 1911 முதல் சென்னை மாகாணத்திலும் அது செல்லுபடியானது. அதன்கீழ் கைரேகை வைப்பதை எதிர்த்துப் பெருங்காமநல்லூரில் 1920-இல் 16 பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். பல சமூகங்களின் நெடுநாள் போராட்டத்துக்குப் பிறகு 1947-இல் சென்னை மாகாணம் இந்தச் சட்டத்தை நீக்கியது; நாடு முழுக்க நீங்கியது 1952-இல்தான். சென்னையில் நீக்கியபோது மாகாண அரசுக்குத் தலைமை தாங்கியவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார்.

அதே அரசு 1948-இல் வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்றையும் கொண்டுவந்தது. இது சாதியை விட்டுத் தனிமனிதரின் தண்டனை வரலாற்றைப் பிடித்துக்கொண்டது. புள்ளிவிவர மொழியில் சொன்னால், குழு அடையாளத்திலிருந்து சொந்தச் செயலுக்குத் தாவல்; நல்ல தாவல்தான். ஆனால் பழைய சட்டத்தால் காவல் நிலையப் பதிவேட்டில் ஏற்கெனவே நிறைந்திருந்த பெயர்களுக்குச் 'சொந்த வரலாறு' தானாகவே நீளமாக இருந்தது. யாரை அதிகம் கண்காணிக்கிறோமோ அவர்மேல்தான் அதிகம் வழக்கு சேரும். எந்த முன்குற்றக் கணக்கிலும் இந்தக் கசிவு உண்டு. காம்பாஸ் கறுப்பினத்தவரை அளவுக்கு மீறி 'அபாயம்' என்று குறித்ததாக 2016-இல் எழுந்த குற்றச்சாட்டும் இந்த வகையைச் சேர்ந்ததுதான்.

விடுப்பு என்னும் சோதனை

இத்தனைக்கும், மேசையில் உட்கார்ந்து ஊகிக்காமல் செய்துபார்க்கிற வழி ஒன்று தமிழ்நாட்டு விதிகளிலேயே இருக்கிறது. 1982-ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி தண்டனைக் கைதி அவசர விடுப்பிலும் சாதாரண விடுப்பிலும் வீட்டுக்குப் போகலாம். மரணம், திருமணம் போன்றவற்றுக்கு வழிக்காவலோடும் இல்லாமலும் போகிறார்கள். சில நாள் ஊரில் இருந்து, குறித்த நாளில் வந்து சிறை வாசலில் நிற்க வேண்டும். பகையாளியின் முகத்தைப் பார்க்கிறார், சாராயக் கடையைக் கடக்கிறார், மனைவி வேறு வாழ்க்கை பழகியிருப்பதைக் காண்கிறார். சிறைக்குள் எத்தனை ஆண்டு நன்னடத்தை காட்டினாலும் இந்தத் தேர்வு அங்கே நடப்பதில்லை.

நளினியை எடுத்துக்கொண்டால், 2019-இல் மகளின் திருமண ஏற்பாட்டுக்காக நீட்டிப்போடு 51 நாள் வேலூர் சத்துவாச்சாரியில் இருந்துவிட்டுத் திரும்பினார். 2021 டிசம்பரில் காட்பாடி அருகே பிரம்மபுரத்துக்கு விடுப்பில் வந்தவருக்கு மாதாமாதம் நீட்டிப்பு கிடைத்தது. அடுத்த நவம்பரில் விடுதலையாகும்வரை அங்கேயே இருந்தார். பிரமுகரும் தூதரகமும் இல்லாத தெரு அது. பேரறிவாளனுக்கு 2022 மார்ச் 9 அன்று ஜாமீன் கொடுத்தபோது, முன்பு விடுப்பில் போய்வந்த தடவைகளில் அவர் நடத்தை பற்றிப் புகார் இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது.

ஒவ்வொரு மத்திய சிறையிலும் விடுப்புப் பதிவேடு இருக்கிறது: போன நாள், வந்த நாள், தாமதம், ஊரிலிருந்து வந்த புகார். பர்ஜெஸ் மூன்று சிறைகளில் தேடியலைந்த தகவலைவிட இது பொருத்தமானது, நம் ஊருக்கே உரியது. ஆலோசனைக் குழுவின் கோப்பில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கி, 'மறுபடி செய்வாரா' என்பதற்கான விடையை அங்கே எழுதலாம். 'பட்டது போதுமா' என்பதைத் தனிப் பக்கத்தில், அது தீர்மானம் என்று தலைப்பிட்டே எழுதட்டும். இரண்டாவது பக்கத்தில் மறுத்தால் கைதியும் செத்தவரின் குடும்பமும் நீதிமன்றமும் அதை அந்தப் பெயரிலேயே எதிர்த்து வாதிடலாம்.